தராசுக்கு இரண்டு பக்கமும்

2024 ஜூலை 4

பள்ளி நுகர்வோர் மன்றத்துப் பிள்ளைகளுக்கு இந்த மாதம் ஒரே வேலை: வீட்டுக்கு வரும் காய்கறியை மறுபடி நிறுத்து எழுதி வருவது. கடைத் தராசு சரியா என்று பார்க்க ஒரு கிலோ உப்புப் பாக்கெட் போதும். கவரோடு சேர்த்துச் சில கிராம் கூடலாம், குறையக் கூடாது. இரண்டு பேர் இன்றைக்கே பையில் உப்போடு கிளம்பிவிட்டார்கள்.

2024 ஜூலை 9

பழைய இரும்பு எடைக்கல் ஒன்றை ஒரு மாணவன் கொண்டுவந்தான். கவிழ்த்தால் அடியில் ஒரு குழி. அதில் ஈயம் இருக்க வேண்டும், அரசு முத்திரை அதன்மேல்தான் குத்துவார்கள். இதில் ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மெழுகைத் திணித்திருந்தார்கள். பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒரு மனிதன் உட்கார்ந்து, பொறுமையாக, ஆணியோ உளியோ வைத்து இதைச் செய்திருக்கிறான்!

எடைக்கல்லுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போட வேண்டும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வேலை அது. 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டம் வந்தபோது, எடை குறைத்து விற்று முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று இருந்தது. மறுபடி பிடிபட்டால் சிறைகூட உண்டு என்றும் அதில் இருந்தது.

2024 ஜூலை 14, ஞாயிறு

சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய் ஒரு கடையில் கிலோ 25, பக்கத்துக் கடையில் 30. கூட்டம் எந்தக் கடையில் என்று சொல்ல வேண்டியதில்லை. 25 ரூபாய்க்கு வாங்கி, என் பையில் இருந்த கைத்தராசில் தூக்கினால் 800 கிராம். அப்படியென்றால் கிலோ 31 ரூபாய் 25 காசு!

கேட்டேன். அந்த ஆள் கோபப்படவில்லை.

"30ன்னு சொன்னா யாரு சார் நிக்கிறா? 25ன்னு காதுல விழுந்தாத்தான் நிக்கிறாங்க. மண்டியில எனக்குப் போடுறது மட்டும் சரியான எடையா?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. மேலே இருப்பவன் தன்னை ஏமாற்றுவதால், கீழே இருப்பவனை ஏமாற்றத் தனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறார். அந்த மண்டிக்காரரிடம் கேட்டால் அவரும் இன்னொருவரைக் கைகாட்டுவார்.

வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அரை மணி நேரம் ஓரமாக நின்று பார்த்தேன். நல்ல பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா வெண்டைக்காய் நுனியை ஒடித்து ஒடித்து, ஒடித்ததை எல்லாம் கூடையிலேயே போட்டுவிட்டு, ஒடிக்காததாகப் பொறுக்கிக்கொண்டு போனார். இன்னொருவர் கிழிந்த ஐம்பது ரூபாய் நோட்டை நல்ல நோட்டுக்குள் மடித்து நீட்டினார். இருவரும் வீட்டுக்குப் போய் வியாபாரியைத்தான் திட்டுவார்கள்.

2024 ஜூலை 15

30 ரூபாய் சொன்ன அக்காவிடம் இன்று மறுபடி போனேன். அவர் தராசில் உப்புப் பாக்கெட் கிலோவுக்குக் குறையாமல் காட்டியது. முந்தின நாள் கத்தரிக்காய் பாதிக்கு மேல் கூடையில் வாடிக் கிடந்தது. எனக்கு மனசு ஆறவே இல்லை. எடை குறைத்தவன் என்னிடம் திருடியது ஐந்து ரூபாய். இந்த அக்காவிடம் திருடியது ஒரு நாள் பிழைப்பு.

"நீங்களும் 25ன்னு சொல்லலாமேக்கா?"

"சொல்லலாம் சார். எம் மவளும் இங்கதான உக்காந்து பாக்குறா" என்றார்.

2024 ஜூலை 22

சந்தை வாசலில் பொதுத் தராசு ஒன்று வைக்கச் சொல்லிப் பேரூராட்சிக்கு மனு எழுதினோம். வாங்கியவர் யாரானாலும் வெளியே போகும்முன் நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வியாபாரிகளிடமும் கையெழுத்துக் கேட்டோம். முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது. 25 ரூபாய்க்காரர் பேப்பரை வாங்கி முழுதும் படித்தார். "மண்டியிலயும் ஒண்ணு வைக்கச் சொல்லி எழுதுங்க, போடுறேன்" என்றார். நியாயம்தான். அதையும் மனுவில் சேர்த்து எழுதி எடுத்துப் போனோம். போட்டார்.