முன்வாசல் டைல்: திருகோணமலை நாட்குறிப்பு

யூலை 5

உப்புவெளிப் பக்கத்து வீடு. முன்கதவைத் திறந்ததும் வருகிற சின்ன நடை, 160 செ.மீ. அகலம், 130 செ.மீ. நீளம். பழைய டைல்களைச் சுத்தியல் பிடியால் தட்டினால் பாதிக்கு மேல் பொள்ளல் சத்தம்.

ஒன்றைக் கழற்றித் திருப்பினால் காரணம் தெரிகிறது. பசை முழுவதும் டைலின் முதுகோடு வந்துவிட்டது. கீழே பழைய சிவப்புச் சீமெந்துத் தரை, பொலிஷ் மினுக்கம் குறையாமல். மெழுகு ஊறிய தரையைக் கொத்தாமலே மேலே ஒட்டியிருக்கிறார்கள். மறுவளமாக, பசை தரையில் தங்கி டைலின் முதுகு வெறுமையாக வந்தால், பசை காய்ந்த பிறகு டைலை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் டைலைத் திருப்பிப் பார்க்காமல் மற்றவற்றில் கை வைக்க வேண்டாம்.

உளியை நிமிர்த்தி அடித்தால் தரை குழியும். சாய்த்துப் பிடித்து டைலின் அடியால் கொடுக்க வேண்டும். டைல் சில்லு கண்ணாடிபோல் வெட்டும். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குச் சப்பாத்து இல்லாமல் இந்த வேலை இல்லை.

யூலை 6

சிவப்புத் தரை முழுவதும் கொத்து. இரண்டு அங்குலத்துக்கு ஒரு கொத்தாவது விழ வேண்டும். பிறகு தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம்: துளி உருண்டு நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது, ஊறினால் சரி.

ஆழமான குழிகளுக்கு ஒன்றுக்கு மூன்று சீமெந்துச் சாந்து. மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். கடற்கரை மணல் பக்கத்திலேயே சும்மா கிடக்கிறதுதான்; அதில் உள்ள உப்பு பின்னாளில் இடுக்குகளில் வெள்ளையாகப் பூக்கும். உவர்க் கிணற்றுத் தண்ணீரும் அதே வேலையைத்தான் செய்யும். பூசிய இடத்தில் ஈரச்சாக்கு போட்டு ஒரு கிழமை விட வேண்டும்.

யூலை 12

இன்று பசை இல்லை, வெறும் அடுக்கு. அவசரக்காரர் தாண்டிப் போகிற நாள் இது.

30 செ.மீ. டைல், 3 மி.மீ. இடுக்கு. அகலத்தில் ஐந்து முழு டைல் வைத்தால் 1512 மி.மீ.; மிச்சத்துக்கு எட்டு செ.மீ. கூட இல்லாத ஒரு கீலம் வரும். பார்க்கவும் அசிங்கம், வெட்டும்போதும் உடையும். ஆகவே நடுவில் நான்கு முழு டைல், இரு ஓரமும் 187 மி.மீ. துண்டு. நீளத்திலும் அப்படியே மூன்று முழு டைல், இரு முனையிலும் 189. ஓரம் சுற்றிவர 5 மி.மீ. இடைவெளி இந்தக் கணக்கில் சேர்ந்தது.

இப்போது எண்ணிப் பாருங்கள்: முழு டைல் 12, வெட்டுத் துண்டு 18. ஒரு டைலில் இரண்டு துண்டு எடுக்க முடியாது, மிஞ்சுவது 11 செ.மீ.தான். ஆக 30 டைல். ஹாட்வெயார் கடையில் பரப்பைப் பெருக்கிப் பத்து வீதம் கூட்டி 26 போதும் என்பார்கள். பெரிய மண்டபத்துக்கு அந்தக் கணக்குச் சரி. சின்னத் தரையில் பாதிக்கு மேல் ஓரம்தான். 34 வாங்குவது நல்லது, எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுதி இலக்கம் இருக்க வேண்டும். வழுக்காத மட் ரகம். மினுங்குகிற டைலில் ஈரக்காலோடு வருகிறவர் விழுவார், காலில் வரும் கடல் மணல் அதைக் கீறியும் விடும்.

டைல் 8, அமுங்கிய பசை 3, மொத்தம் 11 மி.மீ. கதவின் அடியில் 14 மி.மீ. இடைவெளியாவது இல்லாவிட்டால் கதவை இன்றே கழற்றிச் சீவுங்கள்.

மூலை சரியான செங்கோணமா என்று பார்க்க 60, 80, 100 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணம். சுவரை நம்பிக் கோடு போடாதீர்கள், சுவர் நேராக இருப்பதில்லை.

யூலை 13

காலை ஆறு மணிக்குத் தொடக்கம். பத்து மணிக்குமேல் கச்சான் என்கிற வரண்ட மேல்காற்று வீசத் தொடங்கினால் பசையின் மேல் ஆடை படிந்துவிடும். பையில் இருபது நிமிடம் என்று போட்டிருந்தாலும் பத்துக்கூடக் கிடைக்காது. விரலால் தொட்டுப் பார்க்கவும். ஒட்டாவிட்டால் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். தண்ணீர் விட்டு இளக்குவது கூடாது.

20 கிலோ பை ஒன்று தாராளம். தண்ணீர் பையில் சொன்ன அளவு. குழைத்துப் பத்து நிமிடம் விட்டு மறுபடி குழைக்கவும். தரையை நனைத்துத் துடைத்து, 6 மி.மீ. பல்லுக் கரண்டியால் ஒரே திசையில் கோடு இழுக்கவும். ஒரு தடவைக்கு இரண்டு டைலுக்கு மட்டும் பூசுங்கள். டைலைக் கோட்டுக்குக் குறுக்கே முன்னும் பின்னும் அசைத்து அமுக்கினால் கோடுகள் படுத்து, காற்று வெளியேறும். மூன்றாவது டைலைக் கழற்றி முதுகைப் பாருங்கள். மூலை நான்கிலும் பசை பட்டிருக்க வேண்டும். டைலைத் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் சீமெந்துப் பாலில் பதிப்பதற்கு உரியது, இந்தப் பசைக்கு வேண்டாம்.

முழு டைல் 12 முடிந்ததும் இடுக்கில் பிதுங்கிய பசையை வழித்து எடுக்கவும்.

யூலை 14

ஓரத் துண்டுகள். 187 என்பது அடுக்குக் கணக்குத்தான், ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் அளந்தே வெட்ட வேண்டும். நேர் வெட்டுக்குக் கை டைல் கட்டர், கதவு நிலையைச் சுற்றிய மூலை வெட்டுக்குக் கிரைண்டர். வெட்டிய முனை சுவர்ப் பக்கம்.

யூலை 15

இடுக்கு நிரப்பு மா ஒரு கிலோவே மிஞ்சும். றப்பர் பலகையால் மூலைவாட்டாகத் தள்ளி நிரப்பவும். பஞ்சை நன்றாகப் பிழிந்து துடைக்கவும். தண்ணீர் கூடினால் நிறம் வெளுத்து ஊசித் துளை விழும். சுவரோரத்து 5 மி.மீ. இடைவெளியில் இந்த மா போகக் கூடாது, அங்கே சிலிக்கன். வெயிலில் தரை விரிய இடம் வேண்டும், இல்லாவிட்டால் நடு டைல் கிளம்பும்.

யூலை 22

இரவில் மோட்டார்சைக்கிளை உள்ளே ஏற்றுகிற வீடுகள் இன்றுவரை வெளியே விட்டிருக்க வேண்டும். பக்கத் தாங்கியின் பாரம் முழுவதும் ஒரு சின்னப் புள்ளியில் இறங்கும். அடியில் பொள்ளல் இருந்தால் டைல் அந்த இடத்தில்தான் வெடிக்கும். தாங்கிக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு போடுங்கள். மிஞ்சிய டைல்களைத் தொகுதி இலக்கத்தோடு எடுத்து வையுங்கள்.