வேலைக்குப் போய்க்கொண்டே அறிவியல் பட்டம்: ஓபன் யுனிவர்சிட்டி அனுபவம்

பி.காம் முடித்துவிட்டு லண்டனில் கணக்கு வேலை பார்ப்பவர் இனிமேல் அறிவியல் படிக்க முடியுமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். முடியும். நானும் அந்த ரகம்தான். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் எடுத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிரிட்டனின் தொலைநிலைக் கல்விப் பல்கலைக்கழகமான ஓபன் யுனிவர்சிட்டி 1969-இல் தொடங்கியதே, பழைய மதிப்பெண் பட்டியலைக் கேட்காமல் யாரையும் சேர்த்துக்கொள்ளத்தான். நான் சேர்ந்தது அங்குள்ள பி.எஸ்சி இயற்கை அறிவியல்.

மொத்தம் 360 கிரெடிட், மூன்று கட்டங்களாக. ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரப் படிப்பு என்பது அவர்கள் கணக்கு. முழுநேர வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு 60 கிரெடிட் எடுப்பார்கள். அப்படிப் போனால் ஆறு ஆண்டுகள். வாரத்துக்கு 16 முதல் 18 மணி நேரம் ஒதுக்க வேண்டும். இதைக் கேட்டதும் பலர் பின்வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கைக்குழந்தை இருக்கிறது, ஷிப்ட் வேலை என்றால் ஆண்டுக்கு 30 கிரெடிட்டில் தொடங்குங்கள், பாதி நேரம் போதும். இழுத்துக்கொண்டே போகிறதே என்று வருத்தப்பட வேண்டாம், பட்டத்தை முடிக்க 16 ஆண்டுகள் வரை இடம் கொடுக்கிறார்கள்.

முதல் கட்டத்தில் எல்லா அறிவியலும் கலந்துதான் வரும். உயிரியல், வேதியியல், நிலவியல், சுற்றுச்சூழல், இயற்பியல், வானியல் எனப் பிரிவது அப்புறம்தான். "எனக்கு உயிரியல்தான் வேண்டும், பாறையைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும்?" என்று தோன்றும். பனிக்கட்டியை எடுத்துக்கொள்வோம். நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, உறையும்போது இடைவெளி விட்டு அடுக்குகின்றன. இது வேதியியல். அதனால் பனிக்கட்டியின் அடர்த்தி நீரைவிடக் குறைந்து மிதக்கிறது. இது இயற்பியல். ஏரியின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் 4 டிகிரி நீர் தங்கியிருப்பதால் மீன் பிழைக்கிறது. இது உயிரியல். அதே நீர் பாறை இடுக்கில் புகுந்து உறைந்து விரிந்தால் பாறை பிளக்கிறது. வந்துவிட்டது நிலவியல். நான்கையும் தனித்தனிப் பாடமாக மனப்பாடம் செய்பவருக்கு இந்தப் பட்டம் சுமை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவப் பிடித்தவருக்கு விருந்து.

ட்யூட்டோரியல்கள் பெரும்பாலும் வார நாட்களில் மாலை ஏழு மணி வாக்கில் ஆன்லைனில் நடக்கும், சில வார இறுதியில். வருகைப் பதிவு கிடையாது. ஒரே வகுப்பை வெவ்வேறு டியூட்டர்கள் வேறு நாட்களிலும் எடுப்பார்கள், பதிவு செய்த வகுப்பைப் பிறகும் கேட்கலாம். இந்த வசதிதான் ஆபத்தும். பதிவு இருக்கிறதே என்று தள்ளிப்போட்டால் அது குவிந்துகொண்டே போகும். என் கருத்து, மாலை வகுப்பு பாடம் கற்கிற இடமே அல்ல. அந்த வாரப் பகுதியை ஒருமுறையாவது படித்துவிட்டு, புரியாத இரண்டு கேள்விகளோடு போய் உட்கார வேண்டும். மைக்கில் பேசக் கூச்சமாக இருந்தால் சாட்டில் தட்டுங்கள். பாதிப் பேர் அப்படித்தான். ஆங்கில உச்சரிப்பை அங்கே யாரும் எடை போடுவதில்லை.

வேலை விட்டு வந்த மூளைக்குக் கணக்கு ஏறாது. வார நாளில் ரயிலில் வாசிப்பு, இரவில் குறிப்பு எடுப்பது, சனிக்கிழமை காலை மட்டும் கணக்கும் அசைன்மென்ட்டும் என்று பிரித்துக்கொண்டது எனக்குச் சரிவந்தது. வீட்டில் இருப்பவர்களிடம் அந்தச் சனிக்கிழமைக் காலையை முதலிலேயே சொல்லி வாங்கிவிடுங்கள். கல்யாணம், காதுகுத்து எல்லாம் சரியாக அன்றைக்குத்தான் வரும்!

அசைன்மென்ட்டில் மதிப்பெண் போகிற இடம் பெரும்பாலும் அறிவியலே அல்ல. ஒரு கிலோ நீர் உறைந்தால் கன அளவு எவ்வளவு, பனிக்கட்டியின் அடர்த்தி லிட்டருக்கு 0.917 கிலோ என்று ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டர் 1.0905125 என்று காட்டும். அதை அப்படியே எழுதினால் மதிப்பெண் குறையும். கொடுத்த எண்ணில் மூன்று இலக்கத் துல்லியம்தான் இருக்கிறது, எனவே விடை 1.09 லிட்டர். அலகு எழுத வேண்டும், சூத்திரத்தை முதலில் எழுத்துகளில் எழுதிப் பிறகு எண்ணை இட வேண்டும். நம் ஊரில் விடை சரியாக இருந்தால் போதும் என்று வளர்ந்தவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். பழகிவிட்டால், வழி சரியாக இருந்தாலே விடை தவறினாலும் பாதி மதிப்பெண் கையில் நிற்பது தெரியும். டியூட்டர் ஓரத்தில் எழுதுகிற குறிப்புகளை அடுத்த அசைன்மென்ட்டைத் தொடங்கும் முன் திறந்து பாருங்கள். கெடு தேதி நெருக்கினால், அது முடிவதற்கு முன்பே டியூட்டருக்கு எழுதிக் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

முதல் கட்டத்தின் 120 கிரெடிட்டில் தேர்ச்சி பெற்றால் போதும், பட்டம் முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்பது அடுத்த இரண்டு கட்டங்களை வைத்துத்தான் முடிவாகிறது. அதற்காகத் தளர்ந்துவிடக் கூடாது. கணக்கில் வைக்கிற ஓட்டை மூன்றாம் கட்டத்தில் மொத்தமாக ஒழுகும்.

பணம். ஏற்கெனவே பட்டம் வாங்கியவருக்கு இங்கிலாந்தில் இரண்டாவது பட்டத்துக்குப் பொதுவாகக் கல்விக் கடன் கிடையாது. ஆனால் பகுதிநேர அறிவியல் பட்டங்களுக்கு 2017 முதல் விலக்கு உண்டு. நம்மவர் பலருக்கு இது தெரியாது. நிரந்தர வசிப்புரிமை, மூன்று ஆண்டு வசிப்பு போன்ற நிபந்தனைகள் இருப்பதால் வேலை விசாவில் இருப்பவர்கள் சேருமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்தப் படிப்பை வைத்து மாணவர் விசா வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்து படிக்கவே வராது, எதிரே ஆசிரியர் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு லண்டனில் பிர்க்பெக் இருக்கிறது. 1823-இல் உழைப்பாளிகளுக்காகத் தொடங்கி, இன்றும் மாலை வகுப்புக்குப் பெயர்போன கல்லூரி. வைரஸ் அமைப்பைப் பற்றி விஞ்ஞானி ரோசலிண்ட் பிராங்க்ளின் ஆய்வு செய்த இடமும் அதுதான். அங்கே எந்தெந்த அறிவியல் பாடம் நடக்கிறது என்று அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபரில் தொடங்குவதாக இருந்தால் கோடையிலேயே மூன்று விஷயங்களைத் தேய்த்து வையுங்கள்: பத்தின் அடுக்குகள், சூத்திரத்தைத் திருப்பி எழுதுவது, மடக்கை (லாகரிதம்). அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு முதல் நிலநடுக்க அளவு வரை மடக்கை வந்து நிற்கும். ஓபன் யுனிவர்சிட்டியின் ஓபன்லேர்ன் தளத்தில் இவற்றுக்கான பாடங்கள் இலவசம்.