களத்துக்கு எத்தனை அடி?

எங்கள் பக்கம் கடலை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவோம். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். வடக்கே பாக் விரிகுடா, அது வடகடல். நான் பிறந்தது தென்கடல் கரையில். வாக்கப்பட்டு வந்தது வடகடல் கரைக்கு, தொண்டிக்குத் தெற்கே ஒரு ஊர். போன வாரம் வடகடல் ஊர்களை எல்லாம் சேர்த்து ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டிருந்தார்கள். அமைச்சர் வருகிறார், சாலை, படகுத்துறை, தொழில் எதுவானாலும் நேரில் கேட்கலாம் என்று சொன்னார்கள். கடற்பாசி வளர்க்கும் எங்கள் குழுவிலிருந்து ஐந்து பேரும் போனோம். குழுவின் கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கும், அதையும் எடுத்துக்கொண்டேன்.

முதல் ஒரு மணி நேரம் ஆண்கள் கேட்டார்கள். முகத்துவாரம் தூர்ந்து போய் வள்ளம் தரை தட்டுகிறது, தூண்டில் வளைவு வேண்டும், தடைக்கால நிவாரணம் போதாது, எல்லை தாண்டியதாகப் பிடித்துப்போன படகுகள் என்ன ஆயின. எல்லாம் நியாயமான கேள்விகள். ஒரு பெரியவர் கிழக்குக் கடற்கரையோரம் ரயில் எப்போது வரும் என்று கேட்டார். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து கேட்டு வரும் கேள்வி அது. அமைச்சர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். சிலதுக்கு ஆகும் என்றார், சிலதை டெல்லியில் பேச வேண்டும் என்றார்.

அப்புறம் எங்கள் முறை வந்தது.

பாசி என்றால் எங்களுக்கு என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அம்மா தென்கடலில் மூழ்கிப் பாசி எடுத்தவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுப்பார். தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறையும் தேசியப் பூங்கா ஆன பிறகு அங்கே போவதே பயமாகிவிட்டது. நான் செய்வது அந்தத் தொழில் இல்லை, வளர்ப்பு. காப்பாபைகஸ் என்று ஒரு பாசி. 2000க்குப் பிறகு பெப்சி நிறுவனம் இந்தக் கரையில் வளர்க்கச் சொல்லிக் கொடுத்ததால் ஊரில் இன்னும் பெப்சி பாசி என்றுதான் பெயர். இதிலிருந்து எடுக்கும் காராகீனன்தான் ஐஸ்கிரீம், பற்பசை எல்லாவற்றையும் கெட்டியாக்குகிறது. பச்சைப் பாசியைப் பிழிந்த சாறு பயிருக்குத் தெளிக்கும் உரமாகிறது. இந்தப் பாசியைத் தென்கடலில் போடக் கூடாது என்று 2005ல் அரசாணை வந்தது. அது சரியான முடிவு என்றுதான் நான் சொல்வேன். குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் இது படர்ந்து மூடியதை ஆராய்ச்சிக்காரர்கள் படம் எடுத்தே காட்டினார்கள். ஆக, இது வடகடல் தொழில்.

மூங்கிலைச் சதுர மிதவையாகக் கட்டி, பக்கத்துக்குப் பத்து அடி, அதில் இருபது கயிறு. கயிற்றுக்கு இருபது முடிச்சு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுப் பாசி, அதுதான் விதை. மொத்தம் 60 கிலோ விதைப்பாசி. ஓரா மீன் கடித்துத் தின்றுவிடும் என்பதால் அடியில் வலை. 45 நாளில் நாலு மடங்கு, 240 கிலோ வரை ஏறும். அதில் 60 கிலோவைத் திரும்ப விதைக்கு வைத்துவிட்டால் மிச்சம் 180. ஒருத்திக்கு 45 மிதவை, தினம் ஒன்றை அறுத்து ஒன்றைக் கட்டுவோம். ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 900 கிலோ ஈரப் பாசி கரை ஏறும். அது காய்ந்தால் பத்தில் ஒரு பங்குதான், 90 கிலோ. நல்ல வெயிலிலும் இரண்டு மூன்று நாள் ஆகும்.

அந்த 90 கிலோவில்தான் எங்கள் கஷ்டம் இருக்கிறது. நாங்கள் காயவைப்பது கடற்கரை மணலில், பழைய வலையை விரித்து. ஈரப் பாசி பசை மாதிரி இருக்கும், மணல் ஒட்டினால் போகாது. வியாபாரி ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டிப் பார்ப்பார். தரையில் விழுகிற மணலைப் பார்த்துவிட்டு நூறு கிலோவுக்கு ஏழு, எட்டு கிலோ கழிவு என்று எழுதுவார். அவர் மேல் குற்றம் இல்லை, மணல் இருப்பது உண்மை. ராத்திரி ஒரு தூறல் போட்டால் பாசி வெளுத்துப் போகும், அதற்குத் தனிக் கழிவு. என் நோட்டில் கழிவுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது.

எழுந்து, "ஐயா, எங்களுக்குக் களம் வேணும்" என்றேன்.

"நெல்லுக்காம்மா?" என்றார். திருவாடானைப் பக்கம் நெல் அதிகம், அப்படி நினைத்ததில் தப்பில்லை.

"பாசிக்கு ஐயா. சிமெண்டுத் தளம்."

பக்கத்திலிருந்த அதிகாரி குனிந்து ஏதோ சொன்னார். அமைச்சர் நிமிர்ந்து, கடற்பாசிப் பூங்கா வருகிறதே அம்மா, விதை வங்கி, ஆய்வகம், பதப்படுத்தும் கூடம், உலர்த்தும் வசதி எல்லாம் அதிலேயே இருக்கும் என்றார். வளமாவூரில் 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டிய பூங்காவைச் சொல்கிறார். 127 கோடி ரூபாய்க்கு மேல் போட்ட திட்டம். எனக்கு அந்தப் பூங்கா வேண்டும். முக்கியமாக விதைக்காக வேண்டும். 2013க்குப் பிறகு வந்த சூட்டில் இந்தக் கடற்கரை முழுக்கப் பாசி செத்து, விதைக்கு அலைந்ததை என் மாமியார் இன்றைக்கும் சொல்வார். வாடைக்காற்றில் மிதவை அறுந்து போனாலும் தை பிறந்ததும் கட்ட விதை கிடைக்கும் என்றால் அதைவிட என்ன வேண்டும்.

ஆனால் ஈரப் பாசி தூரம் போகாது. 900 கிலோவில் 800 கிலோவுக்கு மேல் தண்ணீர்தான். அதைத் தினம் வண்டி வைத்துப் பூங்காவுக்குக் கொண்டுபோனால் வாடகைக்கே சரியாகிவிடும். நெருக்கி மூட்டை கட்டினால் சூடேறி அழுகும். அறுத்த கரையிலேயே காய வேண்டும். இதைச் சொன்னேன். நோட்டைப் பிரித்துக் கழிவுப் பக்கத்தையும் காட்டினேன். மண்டபம் கொஞ்சம் அமைதியானது.

அவர் நோட்டை வாங்கி இரண்டு பக்கம் பார்த்தார். அப்புறம், "சரி, ஒரு களத்துக்கு எவ்வளவு இடம் வேணும்?" என்றார்.

அன்றைக்கு யாரும் எங்களிடம் கேட்ட உருப்படியான கேள்வி அதுதான். எனக்குக் கிலோக் கணக்கு எல்லாம் மனப்பாடம், இடத்தைக் கணக்குப் போட்டு வைக்கவில்லை. வாய் வரவில்லை.

எங்கள் மதினி எழுந்தார். அறுபது வயது, கையெழுத்து மட்டும் போடுவார். செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்து நடு வழியில் நடக்க ஆரம்பித்தார். மேடையிலிருந்து வாசல் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி நின்று, "நீளம் இம்புட்டு. அகலம் இதுல பாதி. மூணு நாள் பாசியும் அடங்கிரும், அள்ளுறதுக்கு வழியும் இருக்கும்" என்றார். அதிகாரி ஒருவர் எழுந்து அளந்து பார்க்கச் சொன்னார். நூறு அடிக்கு இரண்டு அடி குறைந்தது.

இடமும் அளவும் போட்டு, பஞ்சாயத்துத் தீர்மானத்தோடு எழுதிக் கொடுங்கள் என்றார் அமைச்சர். ஊருக்கு ஒரு களம் என்று சொல்லவில்லை, முதலில் இரண்டு ஊரில் பார்க்கலாம் என்றார். எங்கள் ஊர் அதில் இருக்குமா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மிதவைக் கயிற்றை எடுத்துக்கொண்டு ஏலக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற புறம்போக்கை அளந்தோம். நீளம் நூறு அடி தாராளமாக வந்தது. அகலத்தில் ஐம்பது அடி வந்தாலும் கிழக்கு ஓரத்துப் பத்தடிக்கு வாடை மாதத்தில் தண்ணீர் ஏறும் என்று மதினி சொன்னார். உடைமரத்தை வெட்டி மேற்கே தள்ளினால் சரியாக வரும். அதையும் மனுவில் எழுதியிருக்கிறேன், கழிவுப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இணைத்திருக்கிறேன். தீர்மானம் நாளைக்குக் கையில் கிடைக்கும். திங்கட்கிழமை மனு நாளில் ராமநாதபுரம் போகிறோம், மதினியும் வருகிறார்.