செய்தி போட்ட பிறகு

செய்தித்தாளில் டெஸ்கில் இருப்பவர்களுக்கு ஒரு வகைச் செய்தி மனப்பாடம். வெளிநாட்டில் முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார், மனைவி கலெக்டரிடம் மனு. மூன்று பத்தி, ஒரு படம், முடிந்தது. மறுநாள் அந்த அம்மா போன் செய்து "அப்புறம் என்ன ஆச்சு சார்?" என்று கேட்டால் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது. தூதரக நம்பரைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

அந்தக் கேள்வியையே வேலையாக எடுத்துக்கொண்டவர் நைஜீரியாவின் அபிகே டாபிரி-எரேவா. அரசுத் தொலைக்காட்சியில் பல ஆண்டுகள் இருந்தவர். 2003-ல் லாகோஸ் மாநிலத்தின் இகொரோடு தொகுதியில் ஜெயித்து, 2015 வரை எம்.பி. 2019 முதல் வெளிநாடுவாழ் நைஜீரியர் ஆணையத்தின் தலைவர்.

ஆணையம் என்றதும் பெரிய அதிகாரம் என்று நினைக்க வேண்டாம். பாஸ்போர்ட் குடியேற்றத் துறையிடம், தூதரகங்கள் வெளியுறவு அமைச்சகத்திடம். இவர் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய தொழில்தான்: விஷயத்தை உரியவர் காதில் விழும்வரை சொல்வது. 2020 ஏப்ரலில் லெபனானில் ஒருவர் ஒரு நைஜீரியப் பெண்ணின் பாஸ்போர்ட் படத்தை பேஸ்புக்கில் போட்டு, விலை 1,000 டாலர் என்று எழுதியிருந்தார். எங்களுக்கு அது தலைப்புச் செய்தி. அங்கேயோ விஷயம் லெபனான் அரசு வரை போய், விளம்பரம் போட்டவர் கைதானார். அந்தப் பெண் மீட்கப்பட்டார்.

2019 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டவர் தாக்கப்பட்டபோது, அங்கிருந்த நைஜீரியர்களை அழைத்துவர, நைஜீரியத் தனியார் விமான நிறுவனமான ஏர் பீஸ் இலவசமாக விமானம் அனுப்பியது. லாகோஸில் வந்து இறங்கியவர்களுக்கு 40,000 நைரா (நைஜீரியப் பணம்) டாக்டைம் போட்ட சிம் கார்டு உண்டு என்று இவர் அறிவித்தார். சாப்பாடு, பஸ் காசு எல்லாருக்கும் தோன்றும். போன் தோன்றியது, நிருபராக இருந்தவர் என்பதால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வரவேற்பில் சூழ்ந்து நின்ற காமிராக்கள் எனக்கு உறுத்தல்தான். வெறுங்கையோடு திரும்புகிற மனிதன் தன் முகம் டிவியில் வர வேண்டும் என்று கேட்டானா? பத்திரிகைக்காரனான நான் இதைக் கேட்பது வேடிக்கை, சரி.

ஆண்டுக்குச் சுமார் 2,000 கோடி டாலர் ஊருக்கு அனுப்புகிறவர்கள் வெளிநாடுவாழ் நைஜீரியர்கள். இருக்கும் நாட்டிலிருந்தபடியே ஓட்டுப்போட மட்டும் வழியில்லை. எம்.பி.யாக இருந்த காலத்திலிருந்தே இவர் அதைக் கேட்டுவருகிறார். விமானத்தை வரவழைக்க ஊடக வெளிச்சம் போதும். இதற்கு நாடாளுமன்றத்தில் ஆள்பலம் வேண்டும். அது இன்னும் சேரவில்லை.