மரச்செருப்பு போட்ட ஹாபிட்

சிகாகோவிலிருந்து மில்வாக்கிக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை எழுதிய டோல்கீனின் கையெழுத்துப் பிரதிகளை அங்குள்ள மார்க்வெட் பல்கலைக்கழகம் 1957-இல் 1,500 பவுண்டு கொடுத்து வாங்கியது. நல்ல காலம், ஒரு நூலகருக்கு அந்த யோசனை தோன்றியது!

பதின்மூன்று வயதில் அக்காவிடம் அந்த நாவலை இரவல் வாங்கிப் படித்த நாள் முதல் ஸ்ட்ரைடர்தான் என் நாயகன். பிரீ ஊர் விடுதியின் மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த நெடிய மனிதர், முதல் வரைவில் மனிதரே இல்லை. ட்ராட்டர் என்ற ஹாபிட், அதாவது டோல்கீனின் கற்பனையில் வரும் குள்ள இனத்தவன்; காலில் மரச்செருப்பு. மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோ இருக்க வேண்டிய இடத்தில் பிங்கோ என்ற பெயர். விடுதி மூலையில் இருக்கும் அந்த ஆள் யாரென்று எழுதும்போது தனக்கே தெரியாது என்று டோல்கீன் பிற்பாடு ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் மாணவர்களின் தேர்வுத்தாள்களின் பின்பக்கத்தில்கூட எழுதியிருக்கிறார் மனிதர். முதலில் பென்சில், பிறகு அதன்மேலேயே மை. குனிந்து பார்த்தேன். மை வளைந்து போன இடத்தில், வேறு பக்கம் போக நினைத்த பென்சில் கோடு சாம்பல் நிறத்தில் தனியாகத் தெரிந்தது. அந்த ஓர் அங்குலத்தை விட்டு நகர மனமே வரவில்லை. காப்பாளர் அம்மையாரும் அவசரப்படுத்தவில்லை.

இரவே அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். “மரச்செருப்பா?” என்று மூன்று முறை கேட்டாள்.