சதகுப்பைக்கு இலை உண்டு

நோர்வேக்கு வந்த முதல் வருடம் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. மீன் சமைக்கும் நாளில், அவித்த உருளைக்கிழங்கின் மேல் நூல் நூலாகப் பிரிந்த ஒரு பச்சை இலையை அரிந்து தூவுவார்கள். அதற்குப் பெயர் டில். மீனென்றால் புளியும் மிளகாய்த்தூளும் என்று வன்னியில் வளர்ந்த எனக்கு அந்த வாசம் ஒத்துவரவேயில்லை.

ஆனால் அங்கே அதைத் தவிர்த்துவிட்டு இருக்கவும் முடியாது. கிராவ்லாக்ஸ் என்று ஒன்று உண்டு. பச்சை சால்மனில் உப்பும் சீனியும் தடவி, டில்லைக் கை நிறைய அள்ளி மூடி, இரண்டு நாள் குளிரில் வைப்பார்கள். முற்காலத்தில் மீனவர்கள் உப்பிட்ட மீனை மண்ணில் புதைத்து வைப்பார்களாம். கிராவ் என்ற சொல்லில் அந்தப் புதைப்பு இன்னும் இருக்கிறது.

மேல்வீட்டு ஈரானிய அக்கா அதை ஷிவித் என்பார். பெரிய அவரைப் பருப்போடு சோற்றில் கலந்து, சோறே பச்சையாகும் அளவுக்குப் போடுவார். 2022க்குப் பிறகு எங்கள் சமையலறைக்கு வந்த உக்ரேனியப் பெண்ணுக்கு அது கிரிப். வெட்டுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். அவளும் போருக்குள்ளிருந்து வந்தவள் என்பதால் அந்த நேரத்தில் நான் எதுவும் கேட்பதில்லை. எல்லோருக்கும் அதற்கு ஊர்ப்பெயர் ஒன்று இருந்தது, எனக்குத்தான் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அவள் தந்த விதையைப் பல்கனியில் போட்டேன். ஆவணியில் குடை விரித்தது போல மஞ்சள் பூ. அப்புறம் தட்டையான, ஓரம் வெளிறிய விதைகள். ஒன்றைக் கடித்தேன். நாக்கில் பட்டதும் அம்மம்மாவின் அம்மிதான் நினைவுக்கு வந்தது. தங்கச்சி பிறந்தபோது அம்மாவுக்குப் பிள்ளைப்பேற்றுச் சரக்கு அரைத்தது அந்த அம்மியில்தான். மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, உள்ளி, கடதாசிச் சுருளில் மருந்துக்கடைச் சதகுப்பை. நான் கடித்ததும் அதேதான், டில்தான் சதகுப்பை.

இலைக்கு ஒரு மணம், விதைக்கு வேறு மணம். விதையின் மணம் கார்வோன் என்ற எண்ணெய்ப் பொருளால் வருவது. அதனால்தான் இத்தனை வருடம் இலையை அரிந்தும் எனக்குப் பிடிபடவில்லை. சமஸ்கிருதத்தில் சதபுஷ்பம், நூறு பூ. கன்னடத்தில் சப்பசிகே, அங்கே கீரையாகவே சமைக்கிறார்கள். வயிறு ஊதிய குழந்தைக்குக் கொடுக்கும் கிரைப் வாட்டரை 1851இல் இங்கிலாந்தில் வில்லியம் வூட்வர்ட் உண்டாக்கியபோது அதில் சேர்த்ததும் இந்த விதையின் எண்ணெய்தான். எங்கள் வீட்டு அலுமாரியிலும் அந்தப் போத்தல் இருந்தது.

அன்றிரவே அம்மாவுக்கு அழைத்தேன். "அம்மா, சதகுப்பைக்கு இலை இருக்கு!"

"விதை இருந்தால் இலை இருக்கும்தானே பிள்ளை" என்றார். ஆனால் அவரும் செடியைக் கண்டதில்லை.

போன கார்த்திகைக் கடைசியில் அம்மா இருக்கும் வட்டக்கச்சிக்குப் போனேன். கிளிநொச்சிச் சந்தையடியில் வாங்கிய சதகுப்பையைக் கிணற்றடிப் பாத்தியில் தூவினோம். மருந்துக்கடை விதை முளைக்குமோ என்று எனக்குப் பயம். நல்ல மாரி, இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு கிழமையில் தலைமயிர் போல முளைத்து நின்றது. அம்மா காலையும் மாலையும் குந்தியிருந்து பார்த்தார். எழுபது வயதில் முதன்முதலாக ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினார்.

"சரக்கு மணமில்லையே."

"முத்த விடவேணும் அம்மா."

நான் புறப்படுவதற்கு முதல்நாள் சொதியில் பச்சை மிதந்தது. மிச்சத்தில் கைவைக்க விடவில்லை. தங்கச்சிக்குப் பங்குனியில் பிள்ளை பிறக்க இருக்கிறது. பாத்தியில் ஐந்து செடியைச் சுற்றிக் கோழி கிளறாமல் தடி நட்டு வைத்திருக்கிறார்.