அப்பாவின் அரிப்பும் மாத்திரைச் சீட்டும்

அப்பாவுக்கு கொப்புளம் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வந்தது புல்லஸ் பெம்பிகாய்டு, தோலில் கொப்புளம் கிளப்பும் ஒரு நோய். அந்தப் பெயரைத் தேடினால் வருவதெல்லாம் பெரிய நீர்க்கொப்புளப் படங்கள்தான். வெறும் அரிப்போடு இருக்கும் 78 வயதுக்காரரைப் பார்த்தால் அந்த நோய் யாருக்கும் நினைவுக்கு வராது. முதலில் சிரங்கு என்றார்கள். வீட்டில் எல்லோரும் மருந்து பூசிக்கொண்டோம், துணிகளையெல்லாம் வெந்நீரில் அலசினோம். பிறகு வறண்ட தோல், எக்ஸிமா. ராத்திரி சொறிவது மட்டும் நிற்கவில்லை.

அப்புறம்தான் வயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் சிவந்த தடிப்புகள், அவற்றின் மேல் விறைப்பான கொப்புளங்கள். தோல் டாக்டர் முதலில் பார்த்தது அந்த விறைப்பைத்தான். இதே மாதிரி கொப்புளம் வரும் இன்னொரு நோயான பெம்பிகஸ் வல்காரிஸ் என்றால் மேல்தோலின் செல்களுக்கு நடுவிலேயே பிளவு விழும். கொப்புளம் தொளதொளவென்று இருந்து சீக்கிரம் உடையும், வாய்ப்புண்ணும் பெரும்பாலும் இருக்கும். பெம்பிகாய்டில் மேல்தோல் முழுசாகவே அடித்தோலை விட்டுக் கழன்றுவிடுகிறது, அதனால் கூரை கெட்டி. இரண்டும் வேறுவேறு நோய் என்று 1953இல் வால்டர் லீவர் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

பயாப்ஸிக்கு இரண்டு துண்டு எடுத்தார்கள். ஒன்று புதுக் கொப்புளத்தின் விளிம்பிலிருந்து, ஃபார்மலினில். இன்னொன்று பக்கத்தில் இருந்த, பார்வைக்குப் பாதிப்பே இல்லாத தோலிலிருந்து. தோலில் படிந்த எதிர்ப்பொருளை ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃபுளோரசன்ஸ் பரிசோதனைக்கான இந்தத் துண்டு ஃபார்மலினில் விழுந்தால் பாழ், அதற்கென்று தனித் திரவம் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது பயாப்ஸி என்றால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்பதில் தப்பில்லை. அப்பாவுக்கு மேல்தோலும் அடித்தோலும் சேரும் அடித்தளச் சவ்வை ஒட்டி ஒரே கோடாக ஐஜிஜி, சி3 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்கள் ஒளிர்ந்தன. சந்தேகம் தீர்ந்தது.

டாக்டர் அடுத்துக் கேட்டது சர்க்கரை மாத்திரைச் சீட்டை. அதில் வில்டாகிளிப்டின் இருந்தது.

"இதை எப்ப ஆரம்பிச்சீங்க?"

அரிப்புக்கு ரொம்ப நாள் முன்னாடியே, அதனால் இதுவாக இருக்காது என்றார் அப்பா. ஆனால் கிளிப்டின் வகை மாத்திரைகள் சிலருக்கு இந்த நோயைத் தூண்டும், ஆரம்பித்து பல மாதங்கள் கழித்தும் தூண்டும். அந்த இடைவெளியால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சர்க்கரை டாக்டரிடம் பேசி வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

சிகிச்சை என்றதும் பெரிய ஊசி ஏதாவது போடுவார்கள் என்று நினைத்தேன். கொடுத்தது குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பு. கொப்புளத்தில் மட்டுமல்ல, முகத்தை விட்டு உடம்பு முழுக்கப் பூச வேண்டும். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. 2002இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வைப் படித்த பிறகுதான் வாயை மூடினேன். நோய் பரவலாக இருந்தவர்களில், நாளுக்கு 40 கிராம் களிம்பு பூசியவர்களில் 76 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களில் 58 சதவீதம்தான். சர்க்கரை உள்ள வயதானவருக்கு ஸ்டீராய்டு மாத்திரை எவ்வளவு வினை என்று சொல்லவே வேண்டாம். கூடவே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் டாக்டர் எழுதினார்.

பூசுவது லேசான வேலை இல்லை. முதுகுக்கு நான், காலுக்கு அண்ணன். பெரிய கொப்புளங்களில் நர்ஸ் சுத்தமான ஊசியால் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலை உரிக்காமல் அப்படியே படிய விடுவார், அதுவே கட்டு மாதிரி. பார்க்க வந்த உறவினர்கள் ஒட்டிக்கொள்ளுமா என்று தள்ளி உட்கார்ந்தார்கள். ஒட்டாது, இது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் தோலைத் தாக்குவது.

அரிப்புதான் முதலில் அடங்கியது, புதுக் கொப்புளம் நிற்க இன்னும் கொஞ்ச காலம் ஆனது. இப்போது களிம்பைக் குறைத்துக்கொண்டு வருகிறோம். போன மாதம் முழங்கையில் ஒன்று எட்டிப் பார்த்தது. டாக்டர் பதறவில்லை, அளவை ஒரு படி ஏற்றச் சொன்னார். அப்பா மட்டும் கோபமாக இருக்கிறார், மறுபடியும் சட்டையெல்லாம் பிசுபிசுப்பாம்.